வழித்துணை: முதிய பெண்களின் பயணம் குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகக் கோவளம் செல்வதற்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆகும். தொழுகையைச் சுருக்கித் தொழ அனுமதிக்கும் பயணத் தொலைவை நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் 48 மைல் என்று கணக்கிடுகின்றனர். அதாவது 77 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு பெண் கணவனோ மஹ்ரமான உறவினரோ உடன் வராமல் கடக்கலாகாது என்று ஹனஃபி நூல்கள் வரையறுக்கும் தொலைவும் இதுவே. ஆகவே, செங்கல்பட்டிலுள்ள ஹனஃபிக் குடும்பத்து விதவை ஒருத்தி யாருடைய துணையுமின்றிக் கோவளம் சென்று திரும்புவதற்குச் சட்டத்தின் அளவுகோல் இடந்தருகிறது. இமாம் அபூஹனீஃபா, அபூயூஸுஃப் இருவரிடமிருந்தும் ஒரு நாள் பயணத்தைக்கூட விரும்பாத கருத்து அறிவிக்கப்பட்டிருப்பதை அறிவேன். எனினும் மத்ஹபின் வெளிப்படையான தீர்ப்பு மூன்று நாள் தொலைவுதான்.

என் பாட்டியார் இந்தக் கணக்கையெல்லாம் ஓதியவர் அல்லர். ஆயினும் 1970களில், கைம்பெண்ணாக, அண்டை வீட்டு மூதாட்டியர் இருவரோடு பேருந்தேறி, கோவளத்தில் அடங்கியுள்ள ஹள்ரத் தமீமுல் அன்சாரி அவர்களின் தர்காவுக்கு ஆண்டுக்கொருமுறை சென்று வருவார். அவர்கள் நபித்தோழர் என்பது இவ்வட்டாரத்து மரபு. அம்மரபை வரலாற்று அளவுகோலால் அளப்பது இக்கட்டுரையின் வேலையன்று. பெண்கள் ஸியாரத்துக்குச் செல்வது பற்றிய கருத்து வேறுபாட்டுக்குள்ளும் நான் இப்போது புகவில்லை. நான் சொல்ல வருவது வேறு: வீட்டிலிருந்து தம் விருப்பப்படி புறப்பட்டுச் செல்ல அந்த மூதாட்டியருக்கு அறிமுகமாகியிருந்த மிகத் தொலைவான இடம் அதுதான். அதற்கப்பால் மக்கா இருந்தது. மக்காவுக்கு மகன் வரவேண்டும்.

கோவளம் ஒரு காலத்தில் வெளியுலகுக்குத் திறந்திருந்த வாயில். ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் அதற்கு ஸஆதத் பந்தர் என்ற பெயர் வழங்கியது. ஆஸ்டெண்டு நிறுவனத்து வணிகர்கள் அங்கே கோட்டையும் பண்டசாலையும் வைத்திருந்தனர். நவாபு கட்டிய கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1752இல் கிளைவிடம் வீழ்ந்தது. அதே ஆண்டில்தான் செங்கல்பட்டுக் கோட்டையும் அவர் வசமாயிற்று. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் இருந்தனர். இத்தனை கப்பல்கள் வந்துபோன கரையில் பெண்ணின் பயணம் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை. பிற்காலத்தில் நம் பகுதி ஹாஜிகள் இரயிலில் பம்பாய் சென்று அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறினர். இந்திய ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995இல் நின்றுபோனது. அக்காலத்தில் ஹஜ் செய்த பெண்களைப் பற்றி நம் குடும்பங்களில் விசாரித்தால், கணவனோடு போனவர், தமையனோடு போனவர் என்ற விடையே கிடைக்கும். போகாமல் இருந்துவிட்டவர்களைப் பற்றி எவரும் சொல்வதில்லை. அவர்கள் யார், ஏன் போகவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சட்டத்தின் மூலத்திலிருந்து தொடங்குவோம். மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் செய்யலாகாது என்ற நபிமொழி ஆதாரபூர்வமானது, அதில் ஐயமில்லை. ஆனால் அறிவிப்புகளில் தொலைவு ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் மூன்று நாள், ஒன்றில் இரண்டு நாள், பிறிதொன்றில் ஒரு பகலும் இரவும். கேட்டவரின் நிலைக்கேற்ப அண்ணலார் (ஸல்) விடையளித்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போர்ப் படையில் பெயர் எழுதப்பட்டுவிட்ட ஒருவர் எழுந்து, தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்ட செய்தியைத் தெரிவிக்கிறார். அவரைப் படையிலிருந்து விடுவித்து, மனைவியுடன் சென்று ஹஜ் செய்யுமாறு நபிகளார் (ஸல்) பணிக்கின்றார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தடைக்குச் சான்றாகவே ஓதுகிறோம். ஆனால் கட்டளை யாருக்குப் பிறந்தது என்று நோக்க வேண்டும். அப்பெண்மணியைத் திருப்பியழைத்து வா என்று நபிகளார் (ஸல்) சொல்லவில்லை. கடமை கணவர் மீதே சுமத்தப்பட்டது. அதற்காகப் போர்க்கடமையே அவரிடமிருந்து இறக்கி வைக்கப்பட்டது. பின்னாளில் சட்ட நூல்கள் விரிந்தபோது இந்தச் சுமை மெல்ல இடம் மாறியது. ஹனஃபி நூல்களில் மஹ்ரம் இருப்பது பெண்ணின் மீது ஹஜ் கடமையாவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. மஹ்ரமான ஆண் தன் செலவில் வர இசையாவிட்டால் அவன் பயணச் செலவையும் அப்பெண்ணே ஏற்க வேண்டும். இரண்டு பேருக்குச் செலவு செய்யும் ஆற்றல் அவளிடம் இல்லையெனில் அவள் ஹஜ் செய்யப் பணிக்கப்பட்டவளாக ஆகமாட்டாள். உடன் போகும் கடமை மகனுக்கு உண்டா என்று தேடினால், அவனைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். மூதாட்டியாக இருப்பினும் இதே சட்டம்தான் என்பதையும் அந்நூல்கள் தனியே குறித்துச் செல்கின்றன. அவ்வாறு துணையின்றிச் சென்று ஹஜ் செய்துவிட்டால் ஹஜ் நிறைவேறிவிடும், ஆனால் பயணம் குற்றமானது என்பது அவர்களின் முடிவு.

ஷாஃபிஈ மத்ஹபு வேறு வழியில் சென்றது. கடமையான ஹஜ்ஜுக்குக் கணவனோ மஹ்ரமோ நம்பிக்கைக்குரிய பெண்களின் குழுவோ இருந்தால் போதும் என்பது அதன் நிலை. பாதை அச்சமற்றதாக இருந்தால் நம்பிக்கைக்குரிய ஒரே ஒரு பெண்ணின் துணையுடன், ஏன், தனியாகவும்கூடக் கடமையான ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதியுண்டு என்ற கருத்தும் அம்மத்ஹபில் நிலைபெற்றுள்ளது. உபரியான பயணங்களுக்கு இச்சலுகை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிடுவது அறிஞர்க்கு அழகன்று. மாலிகீ மத்ஹபும் பாதுகாப்பான பயணக் குழுவைப் போதுமானதாகக் கொள்கிறது.

முதுமையைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர் அந்தலூசிய நாட்டு மாலிகீ அறிஞர் அபுல் வலீத் அல்பாஜீ (இறப்பு ஹி. 474 / கி.பி. 1081). பயணத் தடை இளம்பெண்ணைக் கருதியது. ஆடவர் நாட்டம் கொள்ளாத வயதை எட்டிவிட்ட மூதாட்டி, கணவனோ மஹ்ரமோ இன்றித் தான் விரும்பிய பயணங்களை மேற்கொள்ளலாம் என்று அவர் கூறினார். ஷாஃபிஈ அறிஞராகிய இமாம் நவவீ (இறப்பு ஹி. 676) இதை ஏற்கவில்லை. கீழே விழுந்த எப்பொருளையும் எடுத்துக்கொள்ள ஒருவன் இருப்பான் என்னும் பொருள்பட வழங்கும் அரபுப் பழமொழியைச் சுட்டி, பயணத்தில் இழிகுணத்தோரும் கூடுவர் என்று எச்சரித்தார். இன்றைய செய்தித்தாளைப் படிக்கும் எவரும் நவவீயின் அச்சத்தைப் பழங்காலத்தது என்று ஒதுக்கிவிட முடியாது. பாஜீயோ சட்டத்தின் சொல்லைவிடக் காரணத்தை நோக்கினார். வயதுக்கேற்பச் சலுகை என்னும் எண்ணத்துக்குத் திருக்குர்ஆனிலேயே சான்று உண்டு. அந்நூர் அத்தியாயத்தின் 60ஆம் வசனம், மணவாழ்வை எதிர்பார்க்கும் வயதைக் கடந்த பெண்களுக்கு மேலாடை விஷயத்தில் தளர்வு தருகிறது. இருவருமே அறிவுக் கடல்கள். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வளவு வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட செய்தி, தமிழ்நாட்டில் நாம் ஓதிய பாடங்களில் ஓரக்குறிப்பாகக்கூட வந்ததில்லை.

நூல்களை விட்டு நடப்புக்கு வருவோம். நபிகளாரின் மறைவுக்குப் பின் அவர்களின் துணைவியர் அனைவரும் விதவைகள். அன்னை ஸவ்தா (ரலி), அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) இருவரும் விடைபெறும் ஹஜ்ஜுக்குப் பிறகு எந்தப் பயணமும் மேற்கொள்ளவில்லை. வீட்டில் தங்குவதையே அண்ணலாரின் விருப்பமாக அவர்கள் விளங்கிக்கொண்டனர். அன்னை ஆயிஷா (ரலி) அவ்வாறு விளங்கவில்லை. கலீஃபா உமர் (ரலி) தொடக்கத்தில் தயங்கினார்கள். பின்னர், தம் கடைசி ஹஜ்ஜின்போது, அதாவது ஹிஜ்ரி 23இல், அன்னையருக்கு அனுமதியளித்து, உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) இருவரையும் காவலாக அனுப்பியதைப் புகாரீயில் காண்கிறோம். ஒட்டகங்களின் மேல் பச்சைத் துணி போர்த்திய சிவிகைகள் செல்ல, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகக் காத்துச் சென்ற காட்சியை இப்னு ஸஅத் தருகிறார். இது மஹ்ரம் இல்லாத பயணத்துக்குச் சான்றாகுமா என்று கேட்கப்பட்டபோது, இறைநம்பிக்கையாளர்களின் அன்னையருக்கு மக்கள் அனைவரும் மஹ்ரமே என்று இமாம் அபூஹனீஃபா விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது. வாதத்தில் நுட்பம் இருக்கிறது. ஆனால் உமர் (ரலி) செய்த காரியத்தின் சாரம் காவல். துணைக்கு உறவினன் இல்லாத பெண்களுக்கு அரசே துணையை ஏற்படுத்தியது.

அதீ பின் ஹாத்திம் (ரலி) அறிவிக்கும் செய்தியும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. ஹீராவிலிருந்து ஒரு பெண் சிவிகையில் தனித்துப் புறப்பட்டு, அல்லாஹ்வையன்றி எவருக்கும் அஞ்சாமல் கஅபாவை வலம்வரும் காலம் வரும் என்று நபிகளார் (ஸல்) அவரிடம் சொன்னார்கள். அதைத் தம் கண்ணால் கண்டதாக அதீ பின்னாளில் கூறினார். இது முன்னறிவிப்பு மட்டுமே, அனுமதியன்று என்பார் உளர். இருக்கலாம். ஆனால் அமைதி நிலவும் நாட்டின் அடையாளமாக அண்ணலார் தேர்ந்தெடுத்த காட்சி, தனியே பயணம் செய்யும் ஒரு பெண் என்பதை எவரும் மறுக்க இயலாது.

ஆக, பாதையின் பாதுகாப்பே இச்சட்டத்தின் அச்சாணி. அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவி ஸுபைதா (இறப்பு ஹி. 216), கூஃபாவிலிருந்து மக்கா வரை கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைக்கப் பெருஞ்செல்வம் ஈந்தார், அப்பாதை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஹஜ் காரவான்களும் அவற்றுக்குத் தலைமை தாங்கிய அமீருல் ஹாஜ் பதவியும் அதே தேவைக்காக எழுந்தவை. சிரியக் காரவானோடு வந்தவர்களில் ஒருவர் ஃபாத்திமா பின்த் இப்ராஹீம் அல்பதாயிஹிய்யா (இறப்பு ஹி. 711) என்னும் ஹதீஸ் ஆசிரியை. ஹிஜ்ரி 684இல் மதீனா சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு ருஷைது, மஸ்ஜிதுன் நபவியில் அவரிடம் பாடம் கேட்டதைத் தம் பயண நூலில் பதிந்துள்ளார். முதுமையின் தளர்ச்சியால் புனித அடக்கத்தலத்தின் சுவர்ப் பக்கம் சாய்ந்தமர்ந்து அவர் பாடம் சொன்னாராம். அவருடன் வந்த ஆண் துணை யார் என்ற கேள்வி அவரிடம் ஹதீஸ் கேட்க அமர்ந்திருந்த மாணவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் மூன்று பயணங்களைக் குறிப்பிடலாம். ஹுமாயூனின் விதவை பேகா பேகம் ஹஜ் செய்து திரும்பி ஹாஜி பேகம் என்றே பெயர் பெற்றார். அடுத்தது மிகப் புகழ்பெற்றது. பாபரின் மகள் குல்பதன் பேகம் ஐம்பது வயதைக் கடந்த நிலையில் 1575இல் ஃபதேபூர் சிக்ரியிலிருந்து புறப்பட்டார். உடன் சென்ற அரச குலப் பெண்களில் விதவைகள் பலர். கடல் போர்த்துகீசியர் ஆதிக்கத்தில் இருந்தது. அவர்களின் அனுமதிச் சீட்டுக்காகச் சூரத்தில் ஓராண்டு போல் காத்திருந்து 1576 அக்டோபரில்தான் கப்பலேற முடிந்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் ஹிஜாஸில் தங்கினார். திரும்புகையில் ஏடன் அருகே கப்பல் உடைந்தது. 1582இல்தான் ஊர் சேர்ந்தார். ஹுமாயூன் நாமா எழுதிய அந்த அம்மையார் தம் ஹஜ்ஜைப் பற்றி எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைத்த ஏட்டில் அது இல்லை. கிடைத்துள்ள பிரதி அதற்கு முந்திய காலத்திலேயே முறிந்துவிடுகிறது. இது நமக்குப் பேரிழப்பு.

மூன்றாவது பயணம் போபால் அரசி சிக்கந்தர் பேகத்தினுடையது. 1864 ஜனவரியில் ஜித்தாவில் இறங்கினார். நாற்பதுகளின் நடுவில் இருந்த விதவை. அறுபதைக் கடந்த தாய் குத்சியா பேகமும் உடன். பரிவாரமோ பெரியது. அவர் எழுதிய பயணக் குறிப்பு 1870இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மக்கா வரை வந்த அந்த அரசி மதீனா செல்லவில்லை. வழியின் கேட்டையும் பதூயினரின் கொள்ளையையும் அவர் காரணங்களாகக் காட்டினார். நாடாளும் பெண்ணுக்கும் காவலர் புடைசூழ வந்தவளுக்கும் அன்று எட்டாதிருந்த மதீனா, இன்று ஒரு தையற்காரியின் விதவைத் தாய்க்குப் பேருந்தில் சில மணிநேரப் பயணம். சட்டத்தின் காரணம் பாதையின் அச்சம் எனில், இந்த மாற்றத்தைச் சட்டம் காணாமல் இருக்க முடியாது.

சவூதி அரசு 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களைக் குழுவாக வர நெடுநாள் முன்பே அனுமதித்திருந்தும், நம் நாட்டு ஹஜ் குழு வழியாகச் செல்வோருக்கு அவ்வாய்ப்பு 2018ஆம் ஆண்டு ஹஜ்ஜில்தான் கிட்டியது. 45 வயது கடந்தவர்கள் நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. அவ்வாண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். குலுக்கலின்றி அவர்களுக்கு இடம் தரப்பட்டது. 2021இல் சவூதி அரசு வயது வரம்பையும் நீக்கியது. 2023இல் இந்தியாவிலிருந்து இவ்வாறு சென்றோர் 4,000க்கும் மேல். அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாள் கோழிக்கோட்டிலிருந்து 145 பெண்கள் மட்டுமே பயணம் செய்த விமானம், பெண் விமானிகளால் செலுத்தப்பட்டு ஜித்தா சென்றது. பெருந்தொற்றால் சென்னை புறப்பாட்டு நிலையம் நிறுத்தப்பட்டு, 2022இல் நம் மாநிலத்தார் கொச்சி வரை சென்று விமானமேற நேர்ந்ததையும், 2023இல் அது சென்னைக்கு மீண்டதையும் முதியோரை வழியனுப்பியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விதி வெளியான நாளில் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அரசியலை மட்டுமே பேசினர். ஒரு செய்தி கவனிக்கப்படாமல் போயிற்று. தொடக்கம் முதலே இப்பெண்களில் பெரும்பான்மையினர் கேரளத்தவர். கல்வி, வெளிநாட்டுத் தொடர்பு எனப் பல காரணங்கள் கூறலாம், அவையும் உண்மையே. ஆனால் கேரள முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர் என்பதை மறந்துவிட்டால் கணக்கு சரிவராது. நம்பிக்கைக்குரிய பெண்களின் குழு என்பது அவர்கள் மத்ரஸாவில் ஓதிய பாடம். நம் மாநிலத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் அதே மத்ஹபு. செங்கல்பட்டு உள்ளிட்ட வட மாவட்டங்களில் ஹனஃபி மத்ஹபே மேலோங்கியது. அவரவர் மஸ்லக் இசைந்தால் செல்லலாம் என்ற நிபந்தனையை ஹஜ் குழுவின் வழிகாட்டலும் சேர்த்தே எழுதியிருந்தது. அரசின் படிவம் ஒன்று இமாம்களின் கருத்து வேறுபாட்டை மதித்து எழுதப்பட்டது வியப்புக்குரியது.

இங்கே என்னைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஓதி முடித்து, ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், 1990களின் பிற்பகுதியில், செங்கல்பட்டில் ஒரு மூதாட்டியார் என்னிடம் தீர்ப்புக் கேட்டார். வயது அறுபதுக்கு மேல். கணவர் இல்லை, உடன்பிறந்த ஆண் இல்லை, ஒரே மகன் வளைகுடாவில். நகைகளை விற்று ஒருவருக்குரிய பணம் சேர்த்து வைத்திருந்தார். காயல்பட்டினத்து உறவினர் பெண்கள் சிலர், தம் வீட்டு ஆண்களோடு செல்லும் குழுவில் அவரையும் சேர்த்துக்கொள்ள முன்வந்திருந்தனர். நான் நூலில் உள்ளபடி சொன்னேன்: உங்கள் மீது ஹஜ் கடமையாகவில்லை, மகன் வரும்வரை பொறுத்திருங்கள், இயலாவிட்டால் பதல் ஹஜ்ஜுக்கு வஸிய்யத் செய்யுங்கள். அவர் பொறுத்திருந்தார். மகன் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு என்றார். பிறகு மூட்டுவலி, அதன் பின் படுக்கை. அவர் மறைந்து ஈராண்டுகள் கழித்து மகன் பதல் ஹஜ் செய்தார். அதற்கு அவருக்கு விடுப்புக் கிடைத்தது.

நான் சொன்ன விடை பிழையன்று; அது மத்ஹபின் தீர்ப்பு. ஆனால் நூல்களில் இருந்தவை அனைத்தையும் நான் அவருக்குச் சொல்லவில்லை. நெருக்கடி நேருமிடத்தில் பிறிதொரு இமாமின் கருத்தைத் தக்க நிபந்தனைகளோடு பின்பற்ற இடமுண்டு என்பதைச் சொல்லவில்லை. ஷாஃபிஈ குடும்பத்துப் பெண்கள் அவரை அழைத்தது விளையாட்டாக அன்று, சட்டம் தெரிந்துதான் என்பதையும் சொல்லவில்லை. படைக்குப் பெயர் எழுதியவரையே மனைவியோடு அனுப்பிய நபிமொழியை எடுத்து அவருடைய மகனுக்கு ஒரு கடிதம் எழுதவும் எனக்குத் தோன்றவில்லை. பெண்ணிடம் பொறுமையை உபதேசிப்பது எளிது. ஆணிடம் கடமையை நினைவூட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

இளம்பெண்களின் தனிப் பயணம், சுற்றுலா, வெளிநாட்டுக் கல்வி ஆகியவற்றை இக்கட்டுரையில் நான் கலக்கவில்லை. அவற்றுக்குரிய சான்றுகளும் நிபந்தனைகளும் வேறு. பாஜீயின் கருத்தை முழுவதுமாக ஏற்கவும் என் மனம் துணியவில்லை. நவவீயின் எச்சரிக்கை காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மினாவின் நெரிசலில் வழி தவறிய ஒரு மூதாட்டிக்கு நான்கு பெண்கள் கொண்ட குழுவே சில நேரம் போதாது என்று சென்று வந்தவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். மஹ்ரம் இன்றி வரும் பெண்களோடு பெண் பணியாளர்களும் அனுப்பப்படுவது அதனாலேயே இன்றியமையாதது. உமர் (ரலி) அனுப்பிய இரு காவலர்களின் இடம் அதுதான்.

இப்போதும் ஆண்டுதோறும் விண்ணப்பக் காலம் தொடங்கும்போது இரண்டு மூன்று பேராவது இவ்வினாவுடன் வருகிறார்கள். பெரும்பாலும் மகளோ பேத்தியோ அழைத்து வருகிறாள். நான் முதலில் கேட்பது மத்ஹபை அன்று. மகன் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், அவருக்கு ஆண்டில் எத்தனை நாள் விடுப்பு உண்டு என்றே கேட்கிறேன். அவருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்கிறேன்.